சீசன் சாரலுக்கு முன் வைப்பர் கையைச் சரிபார்ப்போம்!
பழைய கார் வைத்திருக்கும் வணிக நண்பர்களுக்கு ஓர் அனுபவக் குறிப்பு



வைகாசி பிறந்து விட்டால் நம் பகுதி வியாபாரிகளுக்குத் தனிச் சுறுசுறுப்பு வந்து விடும். குற்றாலத்தில் சீசன் தொடங்கப் போகிறது என்றால் மளிகைக் கடையில் என்னென்ன இருப்பு வைக்க வேண்டும், எந்தச் சரக்கு நமுத்துப் போகும், எந்த மூட்டைக்கு அடியில் பலகை போட வேண்டும் என்று ஒரு மாதம் முன்பே கணக்குப் போடுகிறோம். ஆனால் அந்தச் சரக்கை ஏற்றி வரும் வண்டியைப் பற்றி எத்தனை பேர் கணக்குப் போடுகிறோம்? எஞ்சின் ஆயில், டயர், பிரேக் ஆகியவற்றைப் பார்ப்பவர்கள் கூட, முன் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரை மறந்து விடுகிறோம். மழை பெய்கிற போதுதான் அதன் நினைவு வருகிறது. அப்போது நினைத்து என்ன பயன்?

அச்சன்புதூர், வடகரை, பண்பொழி, செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் மழை ஆண்டுக்கு ஒரு முறை வந்து போகும் விருந்தாளி அல்ல. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இடைப்பட்ட மாதங்களில் நல்ல வெயில். இவற்றோடு கணவாய் வழியாக வீசும் காற்றும், அது கொண்டு வரும் புழுதியும் சேர்ந்து கொள்கின்றன. வெயில் வைப்பர் ரப்பரைக் காய வைக்கிறது. புழுதி கண்ணாடியில் படிகிறது. அதன் மேல் முதல் தூறல் விழுந்ததும் நாம் சுவிட்சைப் போடுகிறோம். உப்புத்தாள் கொண்டு கண்ணாடியைத் தேய்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

புளியரையில் நான் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆனி மாதம், வசூலுக்காகப் புனலூர் வரை சென்று என் பழைய அம்பாசிடரில் திரும்பிக் கொண்டிருந்தேன். அதற்கு இரண்டு நாள் முன்புதான் வெளியூரில் ஒரு பட்டறையில் பானட்டுக்குப் பெயிண்ட் அடித்திருந்தேன். பெயிண்ட் வேலைக்காக வைப்பர் கைகளைக் கழற்றி மறுபடி மாட்டியிருந்தார்கள். வண்டியை எடுக்கும் போது சுவிட்சைப் போட்டுக் காட்டினார்கள். காய்ந்த கண்ணாடியில் இரண்டும் ஆடின. நானும் தலையை ஆட்டி விட்டு வந்து விட்டேன்.

ஆரியங்காவு தாண்டும் வரை தூறல்தான். கோட்டைவாசலுக்கு வந்ததும் மழை பிடித்துக் கொண்டது. புளியரை இறக்கத்தில், எஸ் வளைவுக்குள் நுழையும் நேரத்தில், என் பக்கத்து வைப்பர் கை கீழே வரும் போது அடுத்த கையின் மேல் ஏறிச் சிக்கிக் கொண்டது. மோட்டார் முனகியது, கண்ணாடி முழுவதும் தண்ணீர்த் திரை. எதிரே வரும் லாரிகளின் வெளிச்சம் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பின்னால் மரம் ஏற்றிய லாரி. பக்கத்தில் பள்ளிக்கூடம் படிக்கும் மகன். மடியில் வசூல் பணம். எப்படியோ ஓரம் கட்டி, மழை விடும் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு வந்த பயம், வியாபாரத்தில் எந்த நட்டத்திலும் வந்ததில்லை.

மறுநாள் காலையில் நம் ஊர் மெக்கானிக் பாயிடம் வண்டியைக் காட்டினேன். அவர் கையைத் தொட்டுப் பார்த்து விட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, நீங்க தராசு முள்ளு நடுவுல நிக்காம சரக்கு நிறுப்பீங்களா?" என்றார். "அது எப்படி பாய்?" என்றேன். "இங்க அதைத்தான் செஞ்சிருக்காங்க. மோட்டார் நிக்க வேண்டிய இடத்துல நிக்கல. கண் மதிப்புல கையை மாட்டிட்டாங்க. காஞ்ச கண்ணாடியில பார்த்தா சரியாத்தான் இருக்கும். தண்ணி பட்டா கை இன்னும் கொஞ்சம் அதிகமா ஓடும். அப்பதான் வண்டவாளம் வெளியே வரும்" என்று விளக்கினார்.

அன்று அவர் அருகில் நின்று கற்றுக் கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது பெரிய வித்தை அல்ல. கடை விடுமுறை நாளில் அரை மணி நேரம் ஒதுக்கினால் யாரும் செய்யலாம்.

யார் கண்டுபிடித்தது?

இந்தச் சிறு கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி, நியூயார்க் நகரில் பனியும் மழையும் கலந்து விழும் நாளில், டிராம் ஓட்டுநர் கண்ணாடியைத் திறந்து வைத்துக் கொண்டு சிரமப்படுவதைக் கண்டார். உள்ளே இருந்தபடியே கைப்பிடியால் இழுத்துத் துடைக்கும் கருவி ஒன்றை வடிவமைத்து 1903-இல் காப்புரிமையும் பெற்றார். ஆனால் அன்று அதை வாங்க ஆளில்லை. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகே வைப்பர் எல்லாக் கார்களுக்கும் பொதுவான பொருளாயிற்று. நல்ல சரக்காக இருந்தாலும் காலம் கூடி வராவிட்டால் விலை போகாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே!

நம் நாட்டில் அம்பாசிடர் கார், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தால் 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை தயாரிக்கப்பட்டது. மும்பையில் பிரீமியர் பத்மினி, சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையும் அக்காலத்து வண்டிகளே. பின் சீட்டைக் கழற்றி விட்டு அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏற்றிச் செல்ல அம்பாசிடரைப் போல் உதவிய வண்டி வேறில்லை என்பதை மூத்த வியாபாரிகள் ஒப்புக் கொள்வார்கள். அதனால்தான் இன்றும் சிலர் அதை விற்க மனமின்றி வைத்திருக்கிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது?

வைப்பர் மோட்டார் ஒரே பக்கமாகத்தான் சுற்றுகிறது. அந்தச் சுற்றலை முன்னும் பின்னுமான அசைவாக மாற்றிக் கொடுக்கும் பல் சக்கரமும் நெம்புகோலும் மோட்டாரோடு இருக்கின்றன. பழைய ஆங்கிலேய மாதிரி வண்டிகள் பலவற்றில், திருகு போல் கம்பி சுற்றப்பட்ட ஒரு கேபிள், இரும்புக் குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடும். ஒவ்வொரு வைப்பர் கைக்கும் அடியில் ஒரு சிறு பல் சக்கரம் அந்தக் கேபிளைப் பற்றிக் கொண்டு அரைச் சுற்றுக்குள் ஆடும். வேறு சில வண்டிகளில் கேபிளுக்குப் பதில் இரும்புப் பட்டைகள் இணைந்திருக்கும். எந்த வகையானாலும் கடைசியில் வெளியே நீட்டிக் கொண்டிருப்பது ஒரு சிறு தண்டு. அந்தத் தண்டைச் சுற்றி நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். வைப்பர் கை அந்தப் பற்களின் மேல்தான் உட்காருகிறது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தண்டில் ஒரு பல் தள்ளி மாட்டினால், கையின் அடியில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் பிளேடின் நுனியில் சில விரல் அகலம் தவறி விடும். தராசுக் கோலின் நடுவில் நூலளவு பிசகினால் தட்டில் எவ்வளவு பிசகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலில் நோயைத் தெரிந்து கொள்வோம்

கழற்றுமுன் கண்ணாடியை நன்றாக நனைத்து, வைப்பரை ஓட விட்டுக் கவனியுங்கள்.

இரண்டு கைகளும் ஒரே அளவு தவறி நின்றால், மோட்டார் நிற்குமிடத்தில் நிற்காத போது யாரோ கைகளை மாட்டியிருக்கிறார்கள் அல்லது மோட்டாரின் நிறுத்தும் அமைப்பில் கோளாறு.

ஒரு கை மட்டும் தவறினால், அந்தக் கை தவறான பல்லில் உட்கார்ந்திருக்கிறது அல்லது நழுவியிருக்கிறது.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் ஒரு கை மட்டும் அசையாவிட்டால், கையின் உட்பற்கள் தேய்ந்திருக்கலாம், நட் தளர்ந்திருக்கலாம்.

கை தொளதொளவென்று ஆடித் தாமதமாகத் திரும்பினால், அடியில் உள்ள பல் சக்கரம் தேய்ந்திருக்கிறது. கையை மாற்றிப் பயனில்லை.

கழற்றும் முறை

தேவையானவை: சிறிய, அகல வாய்த் திருப்புளிகள், பொருத்தமான ஸ்பேனர், காகித டேப், பழைய பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் துருநீக்கி எண்ணெய், கனமான துண்டு ஒன்று, ஒரு வாளி தண்ணீர்.

1. நனைந்த கண்ணாடியில் வைப்பரை ஓட விட்டு, வைப்பர் சுவிட்சைக் கொண்டே நிறுத்துங்கள். வண்டிச் சாவியைத் திருப்பி நிறுத்தக் கூடாது. சாவியை அணைத்தால் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, மோட்டார் பாதி வழியில் நின்று விடும். நம்மில் பலர் தினமும் செய்யும் தவறு இது. தானாகக் கீழே வந்து நிற்கும் வசதி இல்லாத மிகப் பழைய வண்டியாக இருந்தால், கைகள் கீழே வரும் நேரம் பார்த்து நிறுத்துங்கள்.

2. இப்போது சாவியை எடுத்து விட்டு, வண்டியின் உடலோடு இணைந்திருக்கும் பேட்டரி முனையைக் கழற்றுங்கள். மிகப் பழைய ஆங்கிலேய மாதிரிகளில் பிளஸ் முனையே உடலோடு இணைந்திருப்பதுண்டு, பார்த்துக் கழற்றவும். நீங்கள் கையைப் பிடித்திருக்கும் போது பிள்ளைகள் உள்ளே சுவிட்சைத் தட்டி விட்டால் விரல் போய்விடும்.

3. பிளேடு நிற்கும் கோட்டை ஒட்டிக் கண்ணாடியில் காகித டேப் ஒட்டுங்கள். இப்போது நிற்பது தவறு என்றால், நிற்க வேண்டிய இடத்தில் ஒட்டுங்கள். இதுவே உங்கள் அடையாளம். கைகளிலும் வலது, இடது என்று குறித்து வையுங்கள். இரண்டும் ஒன்று போலத் தோன்றினாலும் வளைவு மாறியிருக்கலாம்.

4. கண்ணாடி மேல் துண்டை மடித்துப் போடுங்கள். கையின் ஸ்பிரிங் வலுவானது. பிளேடு இல்லாத கை தவறி விழுந்து அடித்தால் கண்ணாடி விரிசல் விடும். ரப்பருக்குச் செலவிடத் தயங்கியவர் கண்ணாடிக்குச் செலவிட நேரும்.

5. இனி உங்கள் வண்டியில் எந்த வகை என்று பாருங்கள். நட் வகை என்றால் மூடியைத் தூக்கி, நட்டைச் சில சுற்றுத் தளர்த்துங்கள், முழுதும் எடுக்காதீர்கள். கையை நிமிர்த்தி, அடிப்பகுதியைப் பிடித்து இரு பக்கமும் மெல்ல அசைத்தால் பிடி விடும். பிறகு நட்டை எடுக்கலாம். நட் இல்லாமல் அழுத்தி மாட்டும் வகை என்றால், கையைக் கண்ணாடியிலிருந்து தூக்கிப் பிடித்து, அடியில் உள்ள சிறு பூட்டுப் பட்டையைத் திருப்புளியால் நெம்பி, நேராக மேல் நோக்கி இழுங்கள். திருப்புளிக்கு அடியில் துணி வைத்தால் பெயிண்ட் தப்பும்.

6. வரவில்லை என்றால் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். கடையைத் திறந்து வியாபாரம் பார்த்து விட்டு வாருங்கள். சுத்தியல் மட்டும் வேண்டாம். நாம் வெளியே அடிக்கும் அடி, உள்ளே இருக்கும் சிறு பல் சக்கரத்தில் போய் விழும். கையை முறுக்கித் திருப்பவும் கூடாது. கை புதிதாகக் கிடைக்கும். பழைய வண்டியின் உட்பாகங்களைத் தேடி அலைவது பெரும்பாடு.

கழற்றிய பின் பார்க்க வேண்டியவை

தண்டின் பற்களைப் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். வெள்ளைப் பொடி போல் உப்பு படிந்திருந்தால் முழுதும் நீக்குங்கள். கையின் உட்பற்களை வெளிச்சத்தில் பாருங்கள். அவை வழவழவென்று ஆகியிருந்தால் அந்தக் கையை மாற்றுவதே நல்லது. தகரம் வைத்து இறுக்குவது ஒரு மழைக்குத்தான் தாங்கும்.

தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தையும் பாருங்கள். அது வெடித்திருந்தால் மழைநீர் டாஷ்போர்டுக்குள் இறங்கி, ஒயர்களை நனைத்து, கால் மிதியில் சொட்டும். 'எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரியவில்லை' என்று பலர் சொல்லும் ஒழுகல் பல நேரம் இதுதான்.

சிக்கனத்துக்கு ஒரு வழியும் உண்டு. கேபிள் வகையில் அடியிலுள்ள பல் சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. ஒரு பக்கத்துப் பற்கள் மட்டுமே தேயும். மெக்கானிக்கிடம் சொல்லி அதைத் திருப்பிப் போடச் செய்தால் தேயாத பற்கள் வேலைக்கு வரும். சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துப் போட்ட தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

திரும்ப மாட்டுவது

கைகள் இல்லாமலேயே பேட்டரியை இணைத்து, வைப்பர் சுவிட்சைப் போட்டு மோட்டாரைச் சற்று ஓட விடுங்கள். பிறகு அதே சுவிட்சால் நிறுத்துங்கள். வெறும் தண்டு வந்து நிற்கும் அந்த இடம்தான் தராசு முள் நடுவில் நிற்பதற்குச் சமம். இதைச் செய்யாமல் கையை மாட்டுவது, பாத்திரத்தின் எடையைக் கழிக்காமல் எண்ணெய் நிறுப்பது போல்தான். இதன் பிறகு சாவியை எடுத்து விடுங்கள்.

கையைத் தண்டின் மேல் லேசாக வைத்து, பிளேடு டேப் அடையாளத்துக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் தூக்கி, ஒரு பல் மட்டும் நகர்த்தி வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பல் தாவ வேண்டாம். சரியானதும் அழுத்தி உட்கார வைத்து, நட் வகையானால் அளவாக முறுக்குங்கள். பூட்டு வகையானால் 'டக்' என்று பூட்டு விழுகிறதா என்று கவனியுங்கள்.

இனி சோதனை. கண்ணாடியில் வாளித் தண்ணீரை ஊற்றி விட்டே ஓட்ட வேண்டும். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் பிடித்துக் கொள்வதால் கை சற்றுக் குறைவாக ஓடும். நனைந்ததும் அதிகம் ஓடும். எனவே மேலே கண்ணாடி ஓர ரப்பரிலும், கீழே தகட்டிலும், நடுவில் அடுத்த பிளேடிலும் இடிக்காமல் விரல் அளவாவது இடைவெளி இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ஐந்து நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கொண்டே ஓட விட்டு, நட்டை மறுபடி ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

போகும் போது துடைத்து, வரும் போது தடதடவென்று குதித்தால், கை லேசாக முறுக்கிக் கொண்டிருக்கிறது. கண்ணாடியின் நடுவில் நிறுத்திப் பார்த்தால் ரப்பர் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இரண்டு குறடுகளால் கையைப் பிடித்து மெல்லத் திருத்தலாம். ஸ்பிரிங் வலு குறைந்திருந்தால் வேகத்தில் காற்று கையைத் தூக்கி விடும். நம் கடையில் கிடக்கும் கொக்கித் தராசை இதற்குப் பயன்படுத்தலாம். பிளேடு மாட்டும் இடத்தில் கொக்கியை மாட்டி, கண்ணாடியை விட்டுத் தூக்குமளவு இழுங்கள். இரண்டு கைகளுக்கும் ஏறத்தாழ ஒரே எடை காட்ட வேண்டும். ஒன்று மிகக் குறைந்தால் அதன் ஸ்பிரிங் தளர்ந்து விட்டது.

சட்டமும் சொல்கிறது

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 101-ஆம் விதிப்படி, முன் கண்ணாடி உள்ள வண்டிக்கு விசையால் இயங்கும், நல்ல நிலையில் உள்ள வைப்பர் இருக்க வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படுவதை அறிவீர்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டும் நாளில் வைப்பர் சிக்கிக் கொண்டால், ஒரு நாள் வியாபாரம் வீணாகும்.

இன்னொன்றையும் சொல்லி விடுகிறேன். 50 ஆண்டுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை 2021-இல் வந்தது. அந்தப் பதிவைப் பெற்ற வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. சரக்கு எடுக்கப் போகும் வண்டிக்கு, பெருமைக்காக அந்தப் பதிவை வாங்கி விட்டுப் பின்னால் வருந்தக் கூடாது.

நினைவில் வைக்க

* வைப்பரை அதன் சுவிட்சாலேயே நிறுத்துக, சாவியால் நிறுத்தற்க.
* கழற்றுமுன் அடையாளம் இடுக. கண்ணாடி மேல் துண்டு விரிக்க மறவாதீர்.
* சுத்தியலைத் தொடாதீர்.
* வெறும் தண்டை ஓட விட்டு நிறுத்திய பிறகே கையை மாட்டுக.
* சோதனையை நனைந்த கண்ணாடியில் செய்க.
* பட்டறையில் வண்டியை எடுக்கும் போதும் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றிப் பார்க்க.
* புதிய பிளேடு வாங்கப் போகும் போது பழையதை மாதிரிக்குக் கொண்டு செல்க.

என் காரின் முன் கண்ணாடியில் வில் போல ஒரு கீறல் இன்றும் இருக்கிறது. அன்று புளியரையில் சிக்கிய கை போட்ட கோடு அது. எதிர் வெளிச்சம் படும் போதெல்லாம் மின்னும். கண்ணாடியை மாற்றி விடலாம் என்று மகன் சொல்வான். இருக்கட்டும் என்று விட்டு விட்டேன். வைகாசி பிறந்ததும் துண்டையும் வாளியையும் எடுத்துக் கொண்டு வண்டி அருகே போக, அந்தக் கோடுதான் என்னை நினைவுபடுத்துகிறது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். இந்த வாரக் கடை விடுமுறையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மலை இறங்கி வரும் நம்மை எதிர்பார்த்து, வீட்டு வாசலில் விளக்குப் போட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.